கால்பந்து ஆடும் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு திறக்குமா?



பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் நேரத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "பையன் ஃபுட்பால் நன்றாக விளையாடுவான். அதை வைத்துக் காலேஜில் சீட் வாங்க முடியுமா?" முடியும். ஆனால் அதற்கான வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையிடம் திறமை இருக்கிறது; காட்டுவதற்குச் சரியான காகிதம் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்தப் போட்டி கணக்கில் வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்களில் கோடை விடுமுறையில் நடக்கும் நினைவுக் கோப்பைப் போட்டிகள் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. அங்கே கிடைக்கும் ஷீல்டு வீட்டு அலமாரிக்கு அழகு. கல்லூரிச் சேர்க்கையில் அதற்கு மதிப்பெண் கிடையாது. கணக்கில் வருபவை இரண்டு வழிகள்.

ஒன்று, பள்ளி வழி. பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று போகும். மாநில அணிக்குத் தேர்வானால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டியில் ஆடலாம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது நம் ஆழ்வார்குறிச்சி அதில் சேர்ந்தது. அம்பாசமுத்திரம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பிள்ளை எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறானோ, அந்த மாவட்டத்துக்காகத்தான் ஆடுவான். இதை உடற்கல்வி ஆசிரியரிடம் ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, சங்க வழி. மாவட்டக் கால்பந்து சங்கம், தமிழ்நாடு கால்பந்து சங்கம், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் என்ற வரிசையில் இது போகும். இதில் வீரரின் பெயரை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் ஆடிய ஆட்டத்துக்கு நாளை சாட்சி இல்லை.

அடுத்தது, பெயரும் வயதும். நம் சமுதாயத்தில் இது பெரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', மதிப்பெண் பட்டியலில் 'முகம்மது'. ஆங்கிலத்தில் இன்னும் நாலு விதம். விளையாட்டுச் சான்றிதழில் ஐந்தாவதாக ஒன்று வந்துவிட்டால், சரிபார்க்கும் அலுவலர் அதை ஏற்கத் தயங்குவார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். வயதைக் குறைத்துக் காட்டி ஆட வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பொய் என்பது ஒருபுறம். பிடிபட்டால் பிள்ளையை ஆடவே விடாமல் தடை செய்துவிடுவார்கள்.

போட்டி முடிந்ததும் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். அதற்குரிய படிவத்தில் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் அந்த அலுவலர் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

இனி, இடங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இணையத்தில் விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். பிறகு சேர்க்க முடியாது என்று எண்ணிக்கொண்டே நிரப்புங்கள். ஆடிய போட்டியின் நிலைக்கும் அதில் கிடைத்த இடத்துக்கும் ஏற்பத் தரவரிசை அமையும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு. அந்தக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். தேதியைத் தவறவிட வேண்டாம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு இதிலிருந்து வேறானது. இரண்டு சான்றிதழ்களையும் தயாராக வைத்திருங்கள்.

உள்ளூரில் பரமகல்யாணி கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1971-இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. இதுபோன்ற கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரை ரிசல்ட்டுக்கு முன்பே நேரில் பார்த்து, பிள்ளையின் ஆட்டத்தைக் காண்பிக்க ஒரு வாய்ப்புக் கேளுங்கள். வெளியூர்த் தனியார் கல்லூரி எதுவாவது இலவசச் சீட்டு தருவதாகச் சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். கட்டணம் மட்டும்தானா, விடுதியும் சாப்பாடும் சேர்த்தா? ஓர் ஆண்டுக்கா, படிப்பு முடியும் வரைக்கா? முட்டியில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா? வெளியூர்ப் போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் விளையாட்டை வைத்தே கல்லூரியில் முழுச் செலவும் கிடைக்கிறது என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. தரும் கல்லூரிகளும் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் களத்தில் இறக்குகின்றன. இங்கேயும் அப்படித்தான். ஒதுக்கீடு தரவரிசையில் கைகொடுக்கும். தேர்வில் தேறாத பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கல்லூரியில் சேர்ந்தபின் அடுத்த படி பல்கலைக்கழக அணி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கவனம் பெற்றவர்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியதற்கான சான்றிதழை மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் காட்டலாம். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கடலூரைச் சேர்ந்த இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கவனிக்க வேண்டும். தமிழக மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனது. தலையை மறைத்துக்கொண்டு ஆடுவதற்குச் சர்வதேச விதியிலேயே 2014-இல் அனுமதி வந்துவிட்டது. எனவே உடையைக் காரணம் காட்டி மகளை நிறுத்தத் தேவையில்லை.

கடைசியாக, ஆசைக்கு ஓர் அளவும் வேண்டும். ஐ.எஸ்.எல். போட்டியில் தமிழகத்திலிருந்து ஆடும் அணி சென்னையின் எஃப்.சி. ஒன்றுதான். ஆட்டத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் அவர்களை நினைத்துப் பாருங்கள். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார், பள்ளி ஆசிரியராக இருந்தார். அவர் பயிற்சியில்தான் இந்தியா 1951-லும் 1962-லும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. படிப்பும் பந்தும் அவரிடம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

"படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு" என்று அதட்டும் வாப்பாமார்களுக்கும், "விளையாடினால் போதும்" என்று இருந்துவிடும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது இதுதான்: மாலையில் ஒன்றரை மணி நேரம் மைதானம், இஷாவுக்குப் பிறகு புத்தகம். இரண்டுக்கும் நேரம் இருக்கிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், இதுவரை வாங்கிய விளையாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர்த் திருத்தத்துக்கும் இணைய விண்ணப்பத்துக்கும் இன்ஷா அல்லாஹ் கூட இருந்து உதவுகிறோம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்