சேலை சிறுக்கவில்லை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் நடுவே வளைந்து செல்லும் சாலையில் பயணம் செய்தால் நாகலூர் வரும். சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும், பகலிலும் இறங்கி வரும் பனிமூட்டமும் இவ்வூரின் அடையாளங்கள். வேறொரு பணிக்காக அங்கே சென்றிருந்த நாம், மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு சிறிய தையற்கடை. அங்கே நாம் கண்டதும் கேட்டதும் இக்கட்டுரைக்குப் பொருளாயின.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் அக்கடையில் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு துணி மூட்டை. அதனுள் அரக்கு நிறத்தில், பச்சைக் கரையிட்ட காஞ்சிபுரப் பட்டுச் சேலை ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய திருமணத்தன்று குருவானவர் மந்திரித்துக் கொடுத்த கூறைச் சேலை அது. இப்போது அவருடைய மகளுக்குத் திருமணம், ஓலை வாசித்தாகிவிட்டது. தாய் உடுத்துவதற்குப் புதிய உடை வாங்க மலையிறங்கிச் சென்றிருக்கின்றனர். ஒரு துணிக்கடையில், பணிப்பெண் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்க அளவுக்கு இங்கே எதுவும் வராதும்மா” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாளாம். அதோடு வீடு திரும்பியவர், பழைய பட்டை வாங்கும் வியாபாரியிடம் கூறைச் சேலையைக் கொடுத்துவிடத் தீர்மானித்துவிட்டார். திருப்பலியின்போது கோவிலின் கடைசி வரிசையில் நின்றுகொள்ளலாம் என்றும் முடிவு செய்துவிட்டார். விற்பதற்கு முன், மனம் கேளாமல், தையற்காரரிடம் ஒரு முறை காட்ட வந்திருந்தார்.

தையற்காரர் சேலையை விரித்தார், ரவிக்கையையும் விரித்தார். பிறகு சொன்னார்: “சேலை அப்படியேதாம்மா இருக்கு. ரவிக்கைதான் சின்னதாப் போச்சு.”

இந்த எளிய சொல்லில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருப்பதை நாம் உணர்ந்தோம்.

தைத்ததும் தைக்காததும்

சேலை என்பது தைக்கப்படாத ஆடை. அதற்கு அளவு எண் இல்லை. பதினெட்டு வயதில் உடுத்திய அதே சேலையை, நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பின்பும் உடுத்தலாம். உடலுக்கேற்ப அது வளைந்து கொடுக்குமேயன்றி, உடலை அது குறை கூறுவதில்லை. நம் ஆண்டவரின் அங்கியும் தையலின்றி மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக நெய்யப்பட்டிருந்தது என்று யோவான் நற்செய்தி கூறுவதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

இன்று நாம் அறிந்துள்ள ரவிக்கையும் உள்பாவாடையும் சேலையைவிட மிக இளையவை. 1860-களில் கணவருடன் பம்பாய் சென்ற ஞானதானந்தினி தேவி தாகூர், பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்த உடுத்து முறையை வங்கத்தில் பரப்பினார் என்பது வரலாறு. பழைய சேலை உடம்புக்குச் சேரவில்லை என்று நம் பெண்கள் வருந்தும்போதெல்லாம், உண்மையில் சேராதது இந்தத் தைத்த பகுதியே. தைத்ததைப் பிரிக்கலாம், பிரித்ததை மீண்டும் தைக்கலாம்.

ஆயத்த ஆடைகளின் நிலையும் இதுதான். நம் நாட்டுக் கடைகளில் உள்ள அளவுகளுள் பல, பிற நாட்டு மக்களின் உடலமைப்பை ஒட்டி வகுக்கப்பட்டவை. இந்தியருக்கென ஓர் அளவு முறையை வகுப்பதற்காக, ஆறு நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்டோரை அளந்தறியும் திட்டத்தைத் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டதே 2019-ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஆகவே கடையில் உடை பொருந்தவில்லையெனில், குறை உடையின் அளவில் உள்ளது. அணிபவரின் உடலில் அல்ல.

தையற்காரர் செய்தது என்ன?

அந்த ரவிக்கையின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. முற்காலத் தையற்காரர்களின் முன்யோசனை அது. அதைப் பிரித்த பின்னும் மூன்று அங்குலம் போதவில்லை. உடனே அவர் சேலையின் உள்முனையை எடுத்தார். இடுப்பில் செருகப்பட்டு யார் கண்ணிலும் படாத முனை அது. அதிலிருந்து ஒன்றரைச் சாண் துணியைக் கத்தரித்து, ரவிக்கையின் இரு பக்கங்களிலும் நீளப் பட்டையாகவும், அக்குளில் சாய்சதுரத் துண்டாகவும் வைத்தார். அக்குளில் வைக்கும் அச்சிறு துண்டு, கையைத் தூக்கும்போது ரவிக்கை இழுபடாமல் காக்கும். சேலையின் வெட்டிய முனையில் அதே நிறப் பருத்தித் துணியை ஒரு முழத்துக்கு ஒட்டுப்போட்டார். வெட்டியது ஒன்றரைச் சாண். சேர்த்தது இரண்டு சாண். சேலை முன்பிருந்ததைவிட நீண்டது!

இந்த நீளத்தின் இரகசியத்தையும் அவர் நமக்கு விளக்கினார். ஆறு கெசச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். இடுப்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவரைவிட 48 அங்குலம் உள்ளவருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரடி துணி கூடுதலாகச் செலவாகும். இரண்டு சுற்றில் இரண்டு அடி போய்விடும். அதனால்தான் கொசுவம் மெலிந்து, முந்தானையும் குட்டையாகிறது. உடுத்தியவரோ தம் உடலே குற்றம் என்று எண்ணி வருந்துகிறார். இத்தகையோர், புதுச் சேலையோடு இணைந்து வரும் ரவிக்கைத் துண்டை வெட்டாமல் அப்படியே உள்ளே செருகிக்கொள்ளலாம்; ரவிக்கைக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்.

நிறைந்த உடல்வாகினருக்குச் சில குறிப்புகள்

அந்தத் தையற்காரரிடமும், அனுபவமிக்க தாய்மார் சிலரிடமும் கேட்டறிந்தவற்றை நம் வாசக சகோதரிகளுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

ரவிக்கை இறுக்கமாக இருந்தால் உடல் மெலிந்து தோன்றும் என்பது தவறான எண்ணம். இறுக்கம், இல்லாத மடிப்புகளையும் எடுத்துக் காட்டும். பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்காமல், ஒவ்வொரு முறையும் உடலில் அளவெடுக்கச் செய்யுங்கள். துணியை மூலைவாட்டில் வெட்டித் தைக்கும் ‘கிராஸ் கட்’ ரவிக்கை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். முழங்கை வரை நீளும் கை, மேற்கையின் பருமனை இதமாக மறைப்பதோடு, மலைக்குளிருக்கும் நல்லது.

உள்பாவாடையில் இடுப்பைச் சுற்றிச் சுருக்கம் மிகுதியாக இருந்தால் அதுவே இரண்டு அங்குலப் பருமனைக் கூட்டும். மேலே சுருக்கமின்றி, துண்டுகளாக வெட்டிக் கீழே விரியுமாறு தைத்தது நன்று. கொசுவ மடிப்புகள் அகலமாக இல்லாமல், நான்கு விரல் அளவில் ஒரே சீராக அமையட்டும்.

விறைப்பான துணி உடலைவிட்டு விலகி நிற்கும். மெல்லிய பட்டும், பலமுறை துவைத்த கைத்தறிப் பருத்தியும் உடலோடு இசைந்து இறங்கும். பழைய பட்டின் சிறப்பே இதுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அது குழைவு பெறுகிறது. பருமனானவர்கள் கறுப்பும் கருநீலமும்தான் உடுத்த வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அரக்கும், மாம்பழ மஞ்சளும், கிளிப்பச்சையும் எல்லார்க்கும் உரியவையே. சேலையின் நிறத்தை ஒட்டிய நிறத்திலேயே ரவிக்கை அமைந்தால், உடலை இரு கூறாக வெட்டிக் காட்டாமல் ஒரே நெடுங்கோடாகத் தோன்றச் செய்யும்.

பழமையும் தனி முத்திரையும்

வடிவமைப்பாளர் உடை என்றால் பெருநகரக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று நினைக்கிறோம். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், வழக்கொழிந்துவந்த பழைய கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் தறிக்கு மீண்டும் கொண்டுவந்தார். இன்றளவும் அச்சேலைகள் அவ்வமைப்பின் பெயராலேயே விரும்பி வாங்கப்படுகின்றன. ஆக, சிறந்த வடிவமைப்பு பல வேளைகளில் பாட்டியின் பெட்டியிலிருந்தே பிறக்கிறது.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் அத்தகைய செல்வம் உறங்குகிறது. பழைய காஞ்சிபுரச் சேலையில் உடல் வேறு, கரை வேறாக நெய்து, தறியிலேயே கோத்து இணைத்திருப்பார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது அதன் சரிகை. அந்த வெள்ளிக்காகவே வியாபாரிகள் வீதிதோறும் கூவி வாங்கிச் சென்று உருக்குகிறார்கள். கிடைக்கும் தொகை சில நாளில் கரையும். உருகிய சேலை ஒருநாளும் திரும்பாது.

சேலை நல்ல நிலையில் இருந்தால் அதற்குப் புதிய, எளிய ரவிக்கை தைத்து உடுத்துங்கள். மடிப்புகளில் கிழிந்துவிட்டதா? கரையை வெட்டிப் புது ரவிக்கையின் கைகளில் வையுங்கள். முந்தானையைப் பேத்திக்குப் பாவாடையாக்குங்கள். இளம்பிள்ளையில் நெய்த எளிய சேலையொன்றில்கூடப் பாட்டியின் கரை ஒட்டிய ரவிக்கை சேர்ந்தால், அதுபோல் மற்றொன்று உலகில் எங்கும் இராது. உங்கள் தனி முத்திரை அதுவே. அலங்காரம் ஒன்று போதும்: தாயின் சேலை ஊசியோ, சொந்தக் கையால் பின்னிய ஓர் ஓரப் பின்னலோ. எல்லாவற்றையும் ஒருங்கே சுமந்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

நாகலூர் போன்ற மலையூர்களில் ஈரமே பட்டின் பகைவன். வெயிலடிக்கும் வறண்ட நாளில் சேலையை வெளியே எடுத்து நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பை மாற்றி வேறு இடத்தில் மடித்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது. சரிகை கறுத்துப் போகும்.

திருச்சபையின் பார்வை

உடையைப்பற்றி ஒரு கத்தோலிக்கக் குடும்ப ஏடு இவ்வளவு பேசலாமா என்று சிலர் கேட்கலாம். 1957-ஆம் ஆண்டு நவம்பரில், ஆடை வடிவமைப்பாளர்களின் மாநாட்டினருக்கு உரையாற்றிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், உடைக்கு மூன்று நோக்கங்கள் உண்டென்று எடுத்துரைத்தார்: உடல்நலம், நாணம், அழகு. அழகையும் அவர் ஒதுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேளாங்கண்ணி அன்னைக்கு நம் மக்கள் பட்டுச் சேலை சாத்தி மகிழ்வதும் இந்த மனப்பான்மையினால்தானே?

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். ஆனால் பிள்ளைப்பேற்றாலும், வயதாலும், நோயாலும், பிறவி அமைப்பாலும் பருத்த ஒரு சகோதரியைக் கோவில் முற்றத்திலேயே கேலிப் பெயரிட்டு அழைக்கிறோம். உடல்நலத்துக்காக எடை குறைக்க வேண்டுமென்றால், அதைச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். ஊரார் சொல்லும் கேலி ஒருவரையும் நலமாக்கியதில்லை; பலரைக் கடைசி வரிசைக்குத்தான் தள்ளியிருக்கிறது.

யோப்பாவில் வாழ்ந்த தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களுக்குச் செய்து தந்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோம். ஒருத்தியின் உடலுக்குப் பொருந்த ஓர் உடை தைத்துக் கொடுப்பது எத்துணை பெரிய அன்புப்பணி! பங்குகளில் நடைபெறும் தையல் வகுப்புகளில், மெலிந்த உடலுக்கு மட்டுமன்றி நிறைந்த உடலுக்கும் வெட்டித் தைக்கக் கற்பிக்கலாகாதா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏழைத் தாய்மார்க்குச் சேலை வழங்கும் சபையினர், வழக்கமான 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணிக்குப் பதில் ஒரு மீட்டராகக் கொடுக்கலாகாதா? வேறுபாடு 20 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தத் துணி இல்லாமையால், கிடைத்த சேலையை உடுத்த முடியாமல் மடித்து வைத்திருக்கும் தாய்மார் உண்டு.

சில வாரங்களுக்குப் பின் அந்தத் திருமணத்திற்கு நமக்கும் அழைப்பு வந்தது. திருப்பலி தொடங்குமுன் மணமகளின் கையைப் பற்றி, கோவிலின் நடுவழியே தாய் நடந்து வந்தார். அரக்குப் பட்டு, பச்சைக் கரை, முழங்கை வரை நீண்ட ரவிக்கை. பக்கவாட்டில் இருந்த ஒட்டுப் பட்டை, அறிந்த நம் கண்ணுக்கும் புலப்படவில்லை. கோவிலின் கடைசி வரிசையில் நின்றிருந்த தையற்காரரை நாம் திரும்பிப் பார்த்தோம். அவர் சேலையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நடந்த அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.