கார்த்திகை விளக்கும் கணக்கு நோட்டும்

வீட்டிலிருந்தபடியே ஏதாவது சின்ன வியாபாரம் செய்யணும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. சுய உதவிக் குழுவில் கடன் வாங்கியாவது முதல் போட்டு விடுகிறோம். நோட்டுப் போட்டு வரவு செலவும் எழுதுகிறோம். அப்படியும் வருஷக் கடைசியில் கட்டிலுக்கு அடியில் சரக்கு தங்கி விடுகிறதே, ஏன்?

விருத்தாசலத்து அகல் விளக்கை வைத்தே இதைப் பார்த்து விடலாம்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகத்துக்கு வரும். பீங்கான் சாமான் வியாபாரிகளுக்கோ அங்கேயுள்ள பீங்கான் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃப்யூஸ் கட்டை எல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகளில் தயாராகி வெளியூர் போகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைப்பது இந்த ஊருக்கு ஒரு வசதி.

ஒரு சகோதரி அங்கிருந்து 1,000 விளக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 3 ரூபாய். விற்பது 5 ரூபாய். 2,000 ரூபாய் லாபம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் 100 விளக்கு உடைந்து போச்சு. விற்றது 900, வந்தது 4,500, மிஞ்சியது 1,500தான். நோட்டில் "உடைந்தது 100" என்று எழுதியாகி விட்டது. அதோடு விட்டால் அடுத்த வருஷமும் அதே நூறு உடையும்!

எங்கே உடைந்தது, எப்படி உடைந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால்? மூட்டையில் அடி வரிசை மட்டும் நொறுங்கியிருந்தால் அது பஸ் பயணத்தின் கோளாறு. இன்னும் கொஞ்சம் வைக்கோல் திணித்தால் தீரும். வாங்கும்போதே மயிரிழை விரிசல் இருந்தால் அது சூளைக் கோளாறு. பட்டறைக்காரரிடம் சொல்லி மாற்ற வேண்டியது. (விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொப்'பென்று சத்தம் கொடுக்கும்.) எத்தனை என்பதை எண் சொல்லும். ஏன் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

அடுத்தது காலண்டர். விளக்குக்கு இரண்டு பெரிய பண்டிகை: தீபாவளி, கார்த்திகை. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 2023-இல் தீபாவளி நவம்பர் 12, கார்த்திகை தீபம் நவம்பர் 26. பதினாலே நாள்! 2024-இல் அக்டோபர் 31, டிசம்பர் 13. நாற்பத்து மூன்று நாள். முதல் வருஷம் தீபாவளிக்கு மிஞ்சியதைக் கார்த்திகைக்குத் தள்ளி விடலாம். புதுச் சரக்கு வாங்க அவகாசமில்லை. இரண்டாம் வருஷம் தாராளமாக இன்னொரு தடவை வாங்கலாம். 'போன வருஷம் வாங்கின அளவே, வாங்கின தேதியிலேயே' என்று போனால் கையைச் சுட்டுக்கொள்வோம்.

அதோடு மழையையும் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; விளக்கு சீசனும் அதேதான். கூழாகக் கரைத்த களிமண்ணை பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால் அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் காற்றில் அந்த அச்சே காய மாட்டேன் என்கும். அரைகுறையாய்க் காய்ந்ததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். ஆகவே பட்டறையில் "அடுத்த வாரம் தரேம்மா" என்றால் வானத்தைப் பார்த்து அந்தத் தேதியை நம்புங்கள்! 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. கார்த்திகைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த வருஷம் விற்பனை குறைந்திருந்தால் "விளக்குக்கு மவுசு போச்சு" என்று முடிவு கட்டுவது சரியா? நோட்டில் 'புயல்' என்று ஒரு வார்த்தை இருந்தால் அந்த முடிவுக்கே போக மாட்டோம்.

இன்னொரு வகைத் தகவல் வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவது. "எண்ணெய் கசிஞ்சு தரையெல்லாம் கறை", "திரி நிக்கலை", "மூணு வாங்கினா எதுக்கும் பத்தாது, ஆறா கட்டிக் கொடேன்." இதையெல்லாம் நாம் காதில் வாங்கிக்கொண்டு சிரித்து விட்டு விட்டு விடுகிறோம். விற்காத விளக்கின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "மூக்கு ஆழமில்லை" என்று எழுதினால், அடுத்த தடவை எந்த அச்சு விளக்கு வாங்குவது என்று தெரிந்து போகும்.

பீங்கான் உலகத்தின் பெரிய பெயரான ஜோசையா வெட்ஜ்வுட் இங்கிலாந்தில் செய்ததும் இதைத்தான். 1772-இல் வியாபாரம் படுத்து சரக்கு தேங்கியபோது, ஒவ்வொரு சாமானுக்கும் அடக்கவிலை என்ன என்று துருவினார். அச்சுக்கும் வாடகைக்கும் ஆகும் செலவு, பத்துச் செய்தாலும் நூறு செய்தாலும் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார். கணக்கப்பிள்ளை கையாடியதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது! பிரபுக்கள் வீட்டில் பூஜாடிகள் நிறைந்து விட்டன, நடுத்தரக் குடும்பங்கள் அவற்றைப் பார்த்து ஆசைப்படுகின்றன என்பதையும் கவனித்தார். அடக்கவிலைக் கணக்கு ஒரு பக்கம், ஜனங்களின் ஆசை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்ததும், நிறையச் செய்து குறைந்த விலைக்கு விற்கலாம் என்ற வழி பிறந்தது.

அவருடைய மனைவி சாராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண், மெருகுக் கலவைச் சோதனைகளை வெட்ஜ்வுட் ரகசியக் குறியீடுகளில் எழுதி வைப்பார். அந்தக் குறியீடுகளை எழுதக் கற்று உதவியவர் சாரா. வேலை அதிகமாகி விடக் கூடாதென்று வீட்டு ராட்டினத்தைச் சாமான் அறைக்கு அனுப்பி விட்டாராம் கணவர்! எந்த வீட்டில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்?

'இதெல்லாம் படித்தவர்கள் வேலை' என்று ஒதுக்க வேண்டாம். குழந்தை எட்டு கிலோ என்றால் அது நல்லதா, கெட்டதா? வயசு தெரியாமல் சொல்ல முடியாது. ஆறு மாதக் குழந்தைக்கு அது பேஷ். இரண்டு வயசுக்குக் கவலை. அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் எடையையும் வயசையும் சேர்த்துத்தானே புள்ளி வைக்கிறார்கள்? அதோடு "ரெண்டு நாளா சரியா சாப்பிடலை" என்று நாம் சொல்வதையும் டாக்டர் கேட்டுக்கொள்கிறார். அதே புத்தியை விளக்குக்கும் காட்ட வேண்டியதுதான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வாங்கியது, விற்றது, உடைந்தது, இதற்கெல்லாம் இடது பக்கம். மழையா வெயிலா, பண்டிகைக்கு எத்தனை நாள், யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு வலது பக்கம். ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் ஐந்து நிமிஷம். பெண்ணோ பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் படிக்கிறதென்றால் கூட்டல் வேலையை அவர்களிடம் கொடுத்து விடுங்கள். வலது பக்கத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள். ஒரு கார்த்திகைக் கணக்கை வைத்துப் பெரிய முதல் போட வேண்டாம். இரண்டு, மூன்று கார்த்திகை எழுதிய பிறகு கடன் தொகையை உயர்த்துவதைப் பற்றி யோசிக்கலாம்.