காப்புறுதி வாங்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டால் போதுமா?

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் வந்ததும், "ஆகக் குறைந்தது எவ்வளவு?" என்று கேட்டு ஒரு காப்புறுதியை எடுத்துக்கொண்டு வருவதே நம்மில் பலரது வழக்கம். மோட்டார் சைக்கிளை நம்பியே தொழிலுக்கும் சந்தைக்கும் செல்லும் குடும்பங்கள் அதிகமுள்ள நமது ஊர்களில் இது சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. உங்கள் வாகனத்தால் இன்னொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். உங்கள் சைக்கிள் நொறுங்கினாலோ களவு போனாலோ ஒரு சதமும் கிடைக்காது. அதற்கு முழுக் காப்புறுதி தேவை.

முழுக் காப்புறுதி எடுப்போரும் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காப்புறுதி செய்யும் பெறுமதி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பாவித்த சைக்கிள்களின் விலையும் பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் பலரது பத்திரத்தில் பழைய பெறுமதியே இருக்கிறது. ஆறு இலட்சம் பெறுமதியான சைக்கிளை மூன்று இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஒரு இலட்சம் ரூபா சேதத்துக்கு ஐம்பதாயிரமே கிடைக்கக்கூடும். குறைத்துக் காட்டிய விகிதத்திலேயே இழப்பீடும் குறைக்கப்படும்.

இரண்டாவது, கலவரப் பாதுகாப்பு. இது பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டியது. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனயிலும் 2019இல் மினுவாங்கொடையிலும் நடந்தவற்றைக் கண்ட நாம் இதனை வீண் செலவென ஒதுக்க முடியாது. வெள்ளப் பாதுகாப்பு உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, ஓட்டுபவரும் உரிமையாளரும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத தம்பியிடம் சைக்கிளைக் கொடுத்து விபத்து நேர்ந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பாவித்த சைக்கிளை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓடுபவர்களுக்கும் இதே சிக்கல் வரும்.

வட்டி கலவாத முறையை நாடுவோருக்கு 1999 முதல் நமது நாட்டில் தகாபுல் சேவையும் இருக்கிறது. அங்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கையொப்பமிடும் முன் நிபந்தனைகளைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். விபத்து நடந்தால் அந்த இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இழப்பீட்டில் அநீதி நடந்ததாகக் கருதினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் காப்புறுதி குறைகேள் அதிகாரியை நாடலாம். ஐந்நூறு ரூபாவை மிச்சப்படுத்தப் போய் ஐந்து இலட்சத்தை இழக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.