நூற்றுக்கு முப்பத்தைந்து

கேரள மக்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆட்சியைப் புரட்டிப் போடுகிறவர்கள், எந்தக் கட்சியினிடத்தும் நிலைத்த பற்று இல்லாதவர்கள் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. 1982 முதல் 2016 வரை காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணியும் முறை வைத்தாற்போல் மாறி மாறி ஆட்சிப் பீடத்தில் அமர்ந்ததைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், சட்டசபையில் ஜயித்த ஸ்தானங்களின் கணக்கை ஒரு புறம் ஒதுக்கிவிட்டு, பெட்டியில் விழுந்த வாக்குகளின் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய தேர்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், தத்தம் பட்சத்தை இத்தனை உறுதியோடு பற்றி நிற்கும் வாக்காளர்கள் நம் தேசத்தில் அபூர்வம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் முதல் தேதி, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர, அங்கிருந்து மலபார் பிரிந்து போய்ச் சேர, இன்றைய கேரளம் உருவாயிற்று. குடியானவர்களின் போராட்டங்களால் கம்யூனிஸ்டுக் கட்சி ஆழமாக வேர்விட்டிருந்த பூமி மலபார். அடுத்த ஆண்டு நடந்த முதல் தேர்தலில் 126 ஸ்தானங்களுள் அக்கட்சி 60-ஐ வென்று, சுயேச்சைகள் ஐவரின் ஆதரவோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் தலைமையில் மந்திரிசபை அமைத்தது. உலகமே வியந்து பார்த்த அந்த வெற்றிக்கு அக்கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு ஏறக்குறைய 35 மாத்திரமே. காங்கிரசும், பிரஜா சோஷலிஸ்டுகளும், முஸ்லிம் லீக்கின் ஆதரவாளர்களும் ஒரே அணியில் சேராமல் நின்று எதிர் வாக்குகளைச் சிதறடித்தபடியால் அந்த 35 போதுமானதாயிற்று.

பிறகு நிலச் சீர்திருத்தமும் கல்வி மசோதாவும் கிளப்பிய புயலில், கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபன் தலைமையிலான நாயர் சமூக ஸ்தாபனமும் எதிர்க்கட்சிகளும் ஒன்றுகூடி 'விமோசன சமரம்' என்ற கிளர்ச்சியை நடத்த, 1959 ஜூலை 31-ஆம் தேதி மத்திய அரசு அம்மந்திரிசபையைக் கலைத்தது. 1960 தேர்தலில் வாக்களித்தோர் தொகை நூற்றுக்கு 65-லிருந்து 85-க்கு ஏறிற்று. நடக்க இயலாத முதியவர்களும் வாக்குச்சாவடிக்கு வந்திருந்தாலன்றி இப்படி ஓர் எண்ணிக்கை வந்திராது. அத்தேர்தலின் முடிவைப் படிப்பவர்கள் சாதாரணமாகக் கம்யூனிஸ்டுகள் படுதோல்வியுற்றார்கள் என்று சொல்லி மேலே சென்றுவிடுகிறார்கள். ஸ்தானக் கணக்கில் அது மெய்தான். 60 ஸ்தானங்கள் 29 ஆகக் குறைந்தன. ஆனால் அவர்களுக்கு விழுந்த வாக்குகளோ நூற்றுக்கு 35-லிருந்து 39 ஆக உயர்ந்திருந்தன! மூன்று எதிர்க்கட்சிகளும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே அணியாக நின்று 94 ஸ்தானங்களைக் கைப்பற்றியதுதான் அன்று நிகழ்ந்த மாறுதலே ஒழிய, பழைய ஆதரவாளர்கள் மனம் மாறியதாக அந்தக் கணக்கிலிருந்து சொல்வதற்கில்லை.

இப்பாடத்தைக் கம்யூனிஸ்டுகளும் கற்றுக்கொண்டார்கள். 1964-இல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளக்க, காங்கிரசிலிருந்து கேரளா காங்கிரஸ் பிரிய, 1965 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைந்தது. 1967-இல் இ.எம்.எஸ். ஏழு கட்சிகளை ஒரே முன்னணியில் திரட்டினார். தனித்து நின்ற காங்கிரஸ் 133 ஸ்தானங்களில் 9-ஐத்தான் பெற்றது. அதற்கு விழுந்த வாக்குகள் எவ்வளவு? நூற்றுக்கு 35! பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சியை ஆட்சியில் ஏற்றிய அதே 35, மற்றொரு கட்சியை ஒரு வண்டிக்குள் அடங்குமளவுக்குச் சுருக்கிவிட்டது. அன்றுமுதல் கேரளத்தில் எந்தப் பெரிய கட்சியும் கூட்டாளியில்லாமல் தேர்தலுக்குப் புறப்பட்டதில்லை. சின்னஞ்சிறு கட்சிகளுக்கு அங்கே இருக்கும் மதிப்புக்கும் இதுவே காரணம்.

இரு முன்னணிகளும் சமபலத்தோடு நின்றதன் விளைவை 1982-ஆம் ஆண்டு போல் வேறெந்த ஆண்டும் காட்டவில்லை. ஐக்கிய முன்னணித் தலைவர் கே. கருணாகரனின் மந்திரிசபை அப்போது சபாநாயகர் ஏ.சி. ஜோசின் தீர்மான வாக்கினால் மீண்டும் மீண்டும் உயிர் பிழைத்து வந்தது. லோனப்பன் நம்பாடன் என்ற ஓர் உறுப்பினர் ஆதரவை விலக்கிக்கொண்டவுடன் மார்ச்சில் கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் அந்த ஜோசே பறவூர்த் தொகுதியில் அபேட்சகராக நின்றார். அத்தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில், இந்தியாவிலேயே முதன்முறையாக மின்னணு இயந்திரம் வைக்கப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியைச் சேர்ந்த சிவன் பிள்ளை 123 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட, ஜோஸ் நீதிமன்றம் சென்றார். வாக்குச்சீட்டைப் பற்றி மட்டுமே பேசும் சட்டம் இருக்கையில் இயந்திரத்தில் பதிவான வாக்கு செல்லாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த 50 சாவடிகளிலும் சீட்டைக் கொண்டு மறு வாக்குப்பதிவு நடத்தச் சொல்லிற்று. அதில் ஜோஸ் வென்றார். இயந்திரத்துக்கு இடங்கொடுத்து நாடாளுமன்றம் செய்த சட்டத் திருத்தம் 1989-இல்தான் அமலுக்கு வந்தது.

2011-இல் ஐக்கிய முன்னணியின் உம்மன் சாண்டி 72 ஸ்தானங்களோடு ஆட்சி அமைக்க, எதிரணி 68-ஓடு நின்றபோது, இரு அணிகளின் வாக்குகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆட்சியை மாற்றியது ஒரு மெல்லிய விளிம்பே. அந்த விளிம்பில் நிற்போர் அசட்டையாக வாக்களிப்பவர்களும் அல்லர். மக்களவைக்கு ஒரு கணக்கும் சட்டசபைக்கு ஒரு கணக்கும் வைத்திருப்பவர்கள் அவர்கள்: 2019-இல் 20 மக்களவை ஸ்தானங்களில் 19-ஐ ஐக்கிய முன்னணிக்குத் தந்த கேரளம், 2021-இல் 140-இல் 99-ஐ இடது முன்னணிக்கு அளித்து, ஆளுங்கூட்டணியே மீண்டும் ஆட்சிக்கு வரும் அதிசயத்தை 1977-க்குப் பின் முதன்முறையாக நிகழ்த்திற்று.

விளிம்பு எவ்வளவு மெல்லியதாகக்கூடும் என்பதையும் அந்த 2021-ஆம் ஆண்டே காட்டிற்று: மலப்புரம் ஜில்லாவின் பெரிந்தல்மண்ணையில் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் 38 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். எண்பது வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே அளித்த தபால் வாக்குகளில் முந்நூறுக்கு மேற்பட்டவை, உறைகளில் அதிகாரியின் கையெழுத்து இல்லை என்ற காரணத்தால் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. வாக்காளர் மேல் குற்றம் இல்லாதபோது அவர் வாக்கை எப்படி ஒதுக்கலாம் என்று தோற்றவர் வழக்காடினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-இல், உயர் நீதிமன்றம் நஜீபின் வெற்றியை உறுதி செய்தது.