கேடலினா: ஏரியில் இறங்கிய விமானம்

சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி ஒரு காலத்தில் விமான தளமாக இருந்தது என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். தண்ணீரேதான் ஓடுபாதை. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படையணி இங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவை ரோந்து சுற்றியது. படைப் பதிவேடுகளில் இந்தத் தளத்தின் பெயர் 'ரெட் ஹில்ஸ் லேக்'. அங்கே ஏறி இறங்கிய விமானத்தின் பெயர் கேடலினா.

பார்த்தால் போர் விமானம் என்று சொல்லத் தோன்றாது. ஒரு படகை எடுத்து, அதன் முதுகில் ஒரு கம்பத்தை நட்டு, கம்பத்தின் மேல் நீளமான பலகையை வைத்தது போன்ற உருவம். அந்தப் பலகைதான் இறக்கை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 104 அடி. புரொப்பெல்லர்களில் தண்ணீர் அடிக்கக்கூடாது என்பதற்காகவே இறக்கையையும் இரண்டு எஞ்சின்களையும் அவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்தார்கள். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் ஐசக் லாடன் வடிவமைத்த இந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1935 மார்ச் 28 அன்று. அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர் 'பிபிஒய்'. கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவின் பெயரை பிரிட்டிஷார் சூட்ட, அதுவே நிலைத்துவிட்டது.

தண்ணீரில் மிதப்பது பெரிய காரியமில்லை. தண்ணீரை விட்டு எழுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈரத்தோடு அடுக்கிவைத்த இரண்டு எவர்சில்வர் தட்டுகளைப் பிரிக்கப் பாடுபட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வழவழப்பான அடிப்பாகத்தைத் தண்ணீர் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் பறக்கும் படகுகளின் அடியில், பாதி நீளத்தில், ஒரு படி வெட்டியிருப்பார்கள். வேகம் கூடக்கூட விமானம் நிமிர்ந்து அந்தப் படியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். படிக்குப் பின்னால் காற்று புகுந்ததும் தண்ணீரின் பிடி விட்டுப்போகும். இதனால்தான் கண்ணாடிபோல் அசையாத ஏரியைவிட, சிற்றலை ஓடும் ஏரியிலிருந்து கிளம்புவது எளிது.

கேடலினாவின் இறக்கை நுனி ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை உண்டு. தண்ணீரில் இருக்கும்போது சாய்ந்துவிடாமல் அவை தாங்கும்; வானில் ஏறியதும் மடிந்து இறக்கையின் முனையாகவே ஆகிவிடும். எரிபொருளுக்குத் தனித் தொட்டி வைக்காமல் இறக்கையின் உட்புறத்தையே தொட்டியாக்கியிருந்தார்கள். அதில் ஆறாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். உள்ளே படுக்கைகள், சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு, படகுக்கு வேண்டிய நங்கூரம். உடம்பின் இருபுறமும் கொப்புளம்போல் புடைத்த கண்ணாடிக் கூடுகள். அவற்றில் உட்கார்ந்தால் கடல் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

வேகம்தான் பரிதாபம். வழக்கமான பயண வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். நம் வந்தே பாரத் ரயிலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எதிரியின் சண்டை விமானம் துரத்தினால் தப்பிக்க வழியே இல்லை. ஆனால் பெருங்கடலில் ஒரு கப்பலைத் தேடுகிறவனுக்கு வேகத்தால் என்ன பயன்? நாள் முழுக்க வானில் இருக்க வேண்டும், கண் அசராமல் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் அன்று இல்லை.

1941 மே மாதம் ஐரோப்பாவில் அது தெரிந்தது. ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் 24ஆம் தேதி பிரிட்டனின் பெருமையாக இருந்த ஹூட் கப்பலை மூழ்கடித்தது. ஹூட்டில் இருந்த 1,400க்கு மேற்பட்டோரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். அடுத்த நாள் பிஸ்மார்க் துரத்தியவர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அட்லாண்டிக்கில் மறைந்தது. 26ஆம் தேதி முற்பகல், வட அயர்லாந்தின் ஏரி ஒன்றிலிருந்து கிளம்பிய ஒரு கேடலினா அதைக் கண்டுபிடித்தது. விமானத்தின் தலைவர் டென்னிஸ் பிரிக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர், புதிய விமானத்தைப் பழக்கிக்கொடுக்க வந்திருந்த அமெரிக்கக் கடற்படையின் லெனார்ட் ஸ்மித். அமெரிக்கா போரில் சேர இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது! அவர் அங்கே இருந்ததை அப்போது ஊரறியச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் விளங்குகிறது. மறுநாள் காலை பிஸ்மார்க் மூழ்கியது. கடைசி டார்பிடோக்களை எய்த கப்பல் டார்செட்ஷர். இந்தப் பெயரை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கவும்.

பத்து மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து கனடா விமானப்படையின் 413ஆம் படையணியைச் சேர்ந்த ஒரு கேடலினா கிளம்பியது. தலைவர் லெனார்ட் பர்ச்சல். அவர் தீவுக்கு வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பகல் முழுவதும் தெற்கே சுற்றிவிட்டுத் திரும்பும் நேரம். நிலவு எழுந்தால் இருக்குமிடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்று இன்னும் சற்று நேரம் அங்கேயே சுற்றினார்கள். அப்போதுதான் தொடுவானில் புள்ளிகள் தெரிந்தன.

என்னவென்று பார்க்கக் கிட்டே போனார்கள். போனால், முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை! ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தன. உடனே ஜீரோ சண்டை விமானங்கள் பாய்ந்தன. வானொலி இயக்குபவர் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டுக் கருவி சிதறியது. எரிந்துகொண்டிருந்த விமானத்தைப் பர்ச்சல் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரை ஜப்பானியர் சிறைபிடித்தார்கள்.

செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற பல கப்பல்களை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் பர்ச்சலுக்குக் கிடைத்தது இதனால்தான். பட்டம் நியாயமானதுதான், ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தபோது ரத்மலானை விமான தளத்தின் சண்டை விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றிருந்தன. முந்தின நாள் மாலையே எச்சரிக்கை வந்திருந்தும் இந்த நிலை. அன்று பிற்பகல் கடலில் இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் குண்டுகளுக்கு இரையாகி 424 பேர் மாண்டார்கள். ஒன்றின் பெயர் கார்ன்வால். இன்னொன்று, பிஸ்மார்க்கைக் குத்தி முடித்த டார்செட்ஷர்.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், மேலே ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், மூழ்கியது. அதே 413ஆம் படையணியின் இன்னொரு கேடலினா அன்றும் பகைவரைத் தேடிப் போனது. அதில் சென்ற எவரும் திரும்பவில்லை. இதற்கிடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, மெட்ராஸ்வாசிகள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலிசெய்தார்கள். நம் பாட்டன் பாட்டிகள் சொன்ன 'ஜப்பான்காரன் குண்டு பயம்' இந்த ஏப்ரல் மாதத்தின் கதைதான்.

கேடலினா பார்த்த வேலைகளில் நமக்கு அதிகம் பிடித்தது சண்டையோடு சம்பந்தமில்லாதது. 1942இல் சிங்கப்பூர் விழுந்ததும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோனது. 1943 ஜூலையில் குவான்டாஸ் நிறுவனம் ஐந்து கேடலினாக்களை வைத்து பெர்த்திலிருந்து கொக்கலவுக்கு, நடுவில் எங்கும் நிற்காமல், 5,600 கிலோமீட்டருக்கு மேல் பறக்கத் தொடங்கியது. எரிபொருள் சுமைபோக மூன்று பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும்தான் இடம். ஜப்பானியர் கண்காணிக்கும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். வானொலியில் வாய் திறக்கக்கூடாது. பயணம் 27 மணி நேரத்துக்குக் குறையாது. ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆனது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் இதற்கு 'இரட்டை விடியல்' என்று பெயர் வந்தது.

வழிகாட்ட நட்சத்திரங்கள்தான் இருந்தன. அதனால் விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே வைத்தார்கள்: ஸ்பைகா, அன்டாரிஸ், ஆல்டேர், வேகா, ரைஜல். முதல் மூன்றும் நம் பஞ்சாங்கத்தில் சித்திரை, கேட்டை, திருவோணம்.

கடலில் விழுந்தவர்களைத் தூக்கிவருவதும் கேடலினாவின் பொறுப்பாக இருந்தது. 1945 ஜூலை 30 அன்று இண்டியானாபொலிஸ் என்ற அமெரிக்கக் குரூசரை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. கப்பல் வராததை யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்றுதான், சுறாக்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தவர்களை ஒரு ரோந்து விமானம் தற்செயலாகக் கண்டது. உதவிக்கு வந்த கேடலினாவின் ஓட்டுநர் ஏட்ரியன் மார்க்ஸ், திறந்த கடலில் இறங்கக்கூடாது என்ற விதியை ஒதுக்கிவைத்துவிட்டு, உயரமான அலைகளின் மேலேயே விமானத்தை இறக்கினார். ஆணிகள் தெறித்து ஓட்டை விழுந்தது. கையில் கிடைத்த பென்சில்களைச் செருகி அடைத்தார்கள். உள்ளே இடம் நிறைந்ததும், வந்தவர்களை இறக்கையின் மேல் படுக்கவைத்து பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். மொத்தம் 56 பேர். மீட்புக் கப்பல் வரும்வரை விமானம் தண்ணீரிலேயே கிடந்தது. பிறகு அதனால் எழும்ப முடியவில்லை.

எல்லா வகைகளையும் சேர்த்து மூவாயிரத்துக்கும் அதிகமான கேடலினாக்கள் தயாராயின. இரட்டை விடியல் விமானங்கள் 1945 ஜூலை வரை 271 முறை இந்துமாக்கடலைக் கடந்தன, ஒன்றுகூட விழவில்லை. அவை அமெரிக்கா போர்க்கால ஒப்பந்தத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள்.