நமக்குத் தெரியும், அமுதாவுக்குத் தெரியாது

மாமல்லபுரம் கடற்கரையில் வாழும் நமக்கு இலங்கைப் போர் (1983-2009) கடலுக்கு அப்பால் நடந்த ஒன்று. நம்மில் பலர் அதைத் திரையில்தான் கண்டோம். மணிரத்னம் இயக்கத்தில் 2002-இல் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' அவற்றுள் முக்கியமானது. பாடல்களை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம்.

கதை சிறுமி அமுதாவிடம் தொடங்கவில்லை. மாங்குளத்தில் ஷியாமாவின் திருமணத்தில் தொடங்குகிறது. கணவன் போராளியாகக் காட்டுக்குள் மறைகிறான். அவள் அகதியாக இராமேஸ்வரம் வருகிறாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அவனைத் தேடித் திரும்புகிறாள். உடனே படம் ஒன்பது ஆண்டுகளைத் தாண்டிச் சென்னைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஒன்பதாவது பிறந்தநாளில், தான் தத்துப்பிள்ளை என்று அமுதா அறியும்போது நமக்கு அது புதிதல்ல. அவள் உடைவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்க்கிறோம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஷியாமா என்ன ஆனாள் என்பதைப் படம் காட்டுவதில்லை. அவள் இழப்பெல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. தாயைத் தேடிச் செல்லும் குடும்பத்துக்குத் துணை நிற்பவர் ஹெரால்டு, ஒரு சிங்கள மருத்துவர். அந்த நட்பைப் பற்றி யாரும் அங்கே பிரசங்கம் செய்வதில்லை, நல்லவேளை! இறுதியில் அமுதா கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறாள். தாயிடம் பதில் இல்லை. பிள்ளையை இரண்டாம் முறையும் விட்டுவிட்டு அவள் போகிறாள்.