உருளும் இல்லம்

வீடு என்பது நிலத்தில் நிலைத்து நிற்பது. வண்டி என்பது நிலத்தின்மீது ஓடுவது. இவ்விரண்டும் ஒன்றாதல் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு நத்தையே விடை கூறும். மனிதனும் நெடுங்காலமாக அம்முயற்சியில் ஈடுபட்டே வந்துள்ளான். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர், இரு குதிரைகள் பூட்டிய வீட்டு வண்டியொன்றில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து புறப்பட்டு, வடக்கே இன்வர்னெஸ் நகரம் வரை பயணம் செய்தார். அவர் கப்பற்படையில் மருத்துவராக இருந்தவர். ஆதலின், தம் வண்டியையும் நிலத்திற் செல்லும் படகு என்றே கருதினார்.

மோட்டார் வந்தபின் குதிரைகள் ஓய்வு பெற்றன. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், சிறு லாரியொன்றின்மேல் படகின் அறை போன்ற ஓர் அறையை அமைக்கச் செய்து, சார்லி என்னும் நாயைத் துணையாகக் கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். தம் வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினாந்தே. அது டான் குவிக்சாட்டின் குதிரையின் பெயர். ஒரு வாளியில் அழுக்குத் துணியையும் நீரையும் சோப்பையும் இட்டு மூடி, நீண்டு சுருங்கும் கயிற்றில் தொங்கவிட்டுவிடுவார். வண்டி குலுங்கும் குலுக்கலிலேயே துணி வெளுத்துவிடும். அந்த வண்டியைக் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள அவர் நினைவகத்தில் இன்றும் காணலாம்.

இவ்விரு வண்டிகளும் பட்டறையில் செய்வித்து வாங்கப்பட்டவை. பழைய லாரியொன்றை விலைக்கு வாங்கி, தம் கைகளாலேயே அதனை இல்லமாக மாற்றிக்கொள்வது வேறொரு கலை. அக்கலை ஜெர்மனியில் நன்கு வேரூன்றியுள்ளது.

அங்கே சிற்றூர்கள்தோறும் தீயணைப்பு நிலையம் உண்டு. அதில் நிற்கும் வண்டி பெரும்பாலும் கொட்டகையிலேயே காத்திருக்கும்; எப்போதோ ஒரு நாள் மணி ஒலித்தால் விரைந்து ஓடிவிட்டு மீண்டும் வந்து நிற்கும். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும்போதும் அது சில பத்தாயிரம் கிலோமீட்டரே ஓடியிருத்தல் இயல்பு. துருவும் மிகுதியாக ஏறியிராது. புதிய வண்டி வந்ததும் பழைய வண்டி ஏலத்திற்கு வரும். இரும்புக் கடைக்குச் செல்லவேண்டிய அவ்வண்டியை, உலகம் சுற்ற விழைவோர் விரும்பி வாங்குகின்றனர். 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த குறுமூக்கு மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அவற்றின் உருண்டை முகம் நம் நாட்டார்க்கும் புதிதன்று. 1954-ஆம் ஆண்டு முதல் டாட்டா நிறுவனம் அந்த ஜெர்மானிய நிறுவனத்துடன் கூடி ஜாம்ஷெட்பூரில் செய்த லாரிகள், 1969 வரை அதே மூன்றுமுனை விண்மீனை முகத்தில் தாங்கி நம் சாலைகளில் ஓடின.

குறைவாக ஓடிய வண்டி என்பதால் அனைத்தும் புதிது போலவே இருக்கும் என்று எண்ணுதல் தவறு. இரும்பு ஓட்டத்தால் தேயும். ரப்பரோ நின்ற இடத்திலேயே முதுமை எய்தும். டயரின் பள்ளங்கள் தேயாமலே இருக்கலாம். ஆயினும் அதன் பக்கச் சுவர் வெடித்திருக்கும். பிரேக்கின் ரப்பர்க் குழாய்களும் அத்தன்மையனவே. ஆதலின் அறிந்தோர், அறைகலன்களைப் பற்றி எண்ணுமுன் டயர்களையும் பிரேக்கையும் மாற்றிவிடுவர்.

அடுத்து வருவது அடிச்சட்டம். இம்முழு வேலையிலும் மிக நுட்பமான பகுதி இதுவே. கைதேர்ந்த தச்சர் பலர் பிழை செய்வதும் இங்கேதான். லாரியின் அடிச்சட்டம் ஏணி போன்றது. நீண்ட இரண்டு இரும்பு விட்டங்கள் இருபுறமும் ஓட, குறுக்குச் சட்டங்கள் அவற்றை இணைக்கின்றன. இந்த ஏணி சற்று முறுக்கிக்கொள்ளும்படியே திட்டமிட்டுச் செய்யப்பட்டது. மேடு பள்ளத்தில் முன்சக்கரம் ஒன்று பாறைமேல் ஏறும்போது, சட்டம் முறுக்கிக்கொள்வதால்தான் மற்ற மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் பற்றிக்கொள்கின்றன. சட்டம் முறுக்காவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

ஆனால் அதன்மேல் அமையும் வீடோ ஒரு பெட்டி. பெட்டி முறுக்கிக்கொள்ளாது, முறுக்கினால் பிளக்கும். இத்தகைய பெட்டியை அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மரையாணியிட்டு இறுக்கிவிட்டால் நேர்வது யாது? நல்ல சாலையில் ஒன்றும் நேராது. கரட்டு வழியில் இறங்கியதும் சட்டம் ஒருபுறம் திரும்ப, பெட்டி திரும்ப மறுக்க, இரண்டிற்கும் இடையே பெரும் போர் மூளும். சுவர் மூட்டுகள் விரியும். சன்னல் கண்ணாடி உடையும். சில வேளைகளில் சட்டமே கீறல் விடும். மக்கள் நடமாட்டமில்லாத இடத்தில் அவ்வாறு நேரின், வீடும் போகும், வண்டியும் போகும்.

இதற்குத் தீர்வு நம் வீட்டு முக்காலியிலேயே உள்ளது. நாற்காலியைச் சமனில்லாத தரையில் இட்டால் ஆடும். முக்காலி எத்தரையிலும் ஆடாது நிற்கும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்பதே காரணம். ஆகவே, பெட்டியை மூன்று இடங்களில் மட்டும் தாங்குமாறு அமைக்கின்றனர். ஒரு முனையில் இரண்டு உறுதியான பிடிப்புகள். மறுமுனையின் நடுவில், சுழலக்கூடிய முளை ஒன்று. கீழே சட்டம் எத்துணை முறுக்கினாலும், அம்முளை திரும்பிக்கொடுக்க, பெட்டி அமைதியாக இருக்கும். இதனையொத்து, நான்கு புள்ளிகளைச் சாய்சதுரமாக வைத்துச் செய்யும் முறையும் உண்டு.

இவ்வாறு பெட்டி தனியே அசைவதால், ஓட்டுநர் அறைக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள வழி இறுக்கமாக இருத்தல் கூடாது. ரயில் பெட்டிகளுக்கு இடையே காணும் மடிப்பு உறை போன்ற ஒன்றை அங்கே பொருத்துகின்றனர்.

இனி எடை. ஜெர்மனியில் 1998-ஆம் ஆண்டு முடியும்வரை, கார் ஓட்டும் உரிமம் பெற்றவரே 7.5 டன் வரையுள்ள லாரியையும் ஓட்டலாம் என்றிருந்தது. அவர்களுக்கு அவ்வுரிமை இன்றும் உண்டு. 1999 முதல் புதிதாக உரிமம் பெறுவோர்க்கு அந்த எல்லை 3.5 டன், அதற்கு மேற்பட்டதற்குத் தனித்தேர்வு எழுதவேண்டும். இதனால், ஒன்பது டன் தாங்கவல்ல லாரியையும் 7.5 டன் என்று குறைத்துப் பதிவு செய்துகொள்வோர் பலர். பதிவேட்டில் எடையைக் குறைத்தல் எளிது. வண்டியில் குறைத்தல்தான் அரிது. காட்டாக, லாரி நான்கு டன்னும் வெறும் பெட்டி ஒரு டன்னும் உள்ளன எனக் கொள்வோமாயின், எஞ்சுவது இரண்டரை டன். அது பெரிதெனத் தோன்றும். இருநூறு லிட்டர் நீர் இருநூறு கிலோகிராம். முந்நூறு லிட்டர் டீசல் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோகிராம். மாற்றுச் சக்கரம், மின்கலங்கள், கட்டில், அலமாரி, அடுப்பு, ஆடைகள், புத்தகங்கள், ஆட்கள் என ஒவ்வொன்றாக ஏற ஏற அந்த இரண்டரை டன் கரைந்துபோகும். ஓக்கு மரத்தில் அழகிய அலமாரி செய்துவிட்டுப் பின்னர் எடைமேடையில் நின்று வருந்துவது இத்துறையில் அடிக்கடி நிகழ்வது. அலமாரி முடிந்தபின் ஒரு முறை, நீர்த்தொட்டி வைத்தபின் ஒரு முறை என வேலை நடக்கும்போதே பலமுறை எடை பார்ப்பதே முறை.

எவ்வளவு எடை என்பதுடன், எங்கே எடை என்பதும் நோக்கத்தக்கது. கிணற்றுத் துலாவின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும். அவ்வாறே, பின்னச்சுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பாரம் ஏற்றினால் முன்னச்சின் சுமை குறையும். முன்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றவில்லையெனில், திருப்பும் வழியில் வண்டி திரும்பாது. ஆகவே நீரையும் மின்கலங்களையும் இரு அச்சுகளுக்கும் இடையில், தாழ்வாக, இருபுறமும் சமனாக வைத்தல் வேண்டும். கூரைமேல் இலேசானவை மட்டுமே ஏறலாம்.

சுவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிழைத் தகடுகள் இரண்டின் நடுவே, நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் கனமுள்ள கெட்டி நுரைப்பொருளை ஒட்டிச் செய்யப்படுகின்றன. மரச்சட்டமிட்டு ஒட்டுப்பலகை அடிப்போரும் உளர். எதனால் செய்யினும், வெளிக்குளிர் உள்ளே வரும் இரும்புப் பாலம் ஒன்றும் இருத்தலாகாது. இருவர் உறங்கினால், அவர்தம் மூச்சாலும் உடல் ஆவியாலும் ஓரிரவில் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. அந்த ஆவி குளிர்ந்த இரும்பைக் கண்ட இடத்தில் நீர்த்துளியாக மாறும். பலகைக்குப் பின்னால் கண்ணுக்குப் புலப்படாமல் அது வடிய, மரம் உளுத்துப் பூசணம் பிடிக்கும். குளிருக்கு அஞ்சி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவோர் இத்துன்பத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். கூரையில் ஒரு காற்றுவழி எப்போதும் திறந்திருத்தல் நலம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, லாரியின் இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலம் வேறு, வீட்டின் மின்கலம் வேறாக இருக்கவேண்டும். இரவெல்லாம் விளக்கெரித்துவிட்டு விடியலில் வண்டி கிளம்பாமல் நிற்பதை இது தவிர்க்கும். வீட்டு மின்கலத்தைச் சூரிய ஒளித் தகடுகளும், ஓடும்போது இயந்திரமும் நிரப்புகின்றன. 12 வோல்ட் அழுத்தத்தில் வேலை செய்யும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டில் 1,200 வாட் கருவி ஒன்று ஏறக்குறைய 5 ஆம்பியர் மின்னோட்டமே கேட்கும். அதே கருவிக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் வேண்டும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது சூடேறும். ஆகவே கம்பிகள் தடித்திருக்கவேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் மின்கலத்தின் அருகிலேயே பியூஸ் இருக்கவேண்டும். தீயை அணைத்துப் பழகிய வண்டி தானே தீப்பற்றுவது எவ்வளவு கொடுமை!

மின்சாரம் சுடும் என்பதை எவரும் அறிவர். எரிவாயுவின் தீங்கோ ஓசையின்றி வருவது. புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே சென்று மறையாமல், நீர்போல் தரையில் தேங்கி நிற்கும். பின்னர் ஒரு சிறு பொறி போதும். ஆகவே உருளைகளை வீட்டினின்றும் முற்றிலும் அடைக்கப்பட்ட தனி அறையில் வைத்து, அவ்வறையின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இடுகின்றனர். குளிர்நாட்டில் பியூட்டேன் பயன்படாது என்பதும் நினைவிற்குரியது. உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே அது ஆவியாகாமல் நின்றுவிடும். புரொப்பேன் அப்பொழுதும் எரியும்.

அடுப்போ சூடேற்றியோ காற்றுக் குறைவாக எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு இன்னும் கொடியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை விழிக்கவிடாமலே கொல்லும். அதனை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. இத்தனை செலவு செய்வோர் அச்சிறு கருவிக்குச் செலவிடத் தயங்குதல் வியப்பே. எரிகலத்தின் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடும் டீசல் சூடேற்றிகளைப் பலர் விரும்புவதும் இதனாலேயே.

கட்டில், மேசை, சமையலிடம் ஆகியவற்றை அவரவர் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். ஓடும்போது எந்தக் கதவும் தானே திறவாத தாழ்ப்பாள் இருந்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் வண்டி, தொழில்நுட்ப ஆய்வாளர் முன் நிற்கவேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி ஓர் ஊர்தி வீட்டூர்தி எனப் பெயர் பெற, அதில் இருக்கையும் மேசையும், உறங்குமிடமும், சமைக்கும் வசதியும், பொருள் வைக்கும் இடமும் இருத்தல் வேண்டும். கழிப்பறையைப் பற்றி விதி ஒன்றும் கூறவில்லை. அதனைப் பயணமே கற்பிக்கும். ஓடும்போது பயணிகள், வார்ப்பட்டையுடன் ஒப்புதல் பெற்ற இருக்கைகளில் மட்டுமே அமரலாம். நீல விளக்கும் சங்கொலியும் பொதுப்பணிக்கு உரியவை ஆதலின் அவை நீக்கப்படும். சிவப்பு வண்ணத்தைப் பலர் அப்படியே விட்டுவிடுகின்றனர். சாலையோரத்துச் சிறுவர்கள் கையசைத்து வரவேற்பதை இழக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை போலும்.

பதிவேட்டில் தீயணைப்பு வண்டி என்றிருந்த சொல் அடிக்கப்பட்டு, வீட்டூர்தி என்று எழுதப்படுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில், இரைச்சலோடு அது புறப்படுகிறது. முதல் மழை பெய்யும் இரவில், உள்ளே இருப்போர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, தாம் பூசிய ஒவ்வொரு சன்னல் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்க்கின்றனர்.